வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

சாமி அறையில் நின்று கத்தியிருக்கிறீர்களா? நான் கத்தினேன்.

போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். என் கையில் தீப்பெட்டி. முன்னால் குத்துவிளக்கு. பிள்ளையார், அம்மன், முருகன் எல்லோரும் வரிசையாக இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சன்னிதியில் நான் “ஐயோ!” என்று போட்ட சத்தத்துக்குக் கீழ்மாடியில் யாரோ யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்களாம்.

பாம்பு இல்லை. கள்ளன் இல்லை. அதைவிடச் சின்னது. எவ்வளவு சின்னது என்றால்... பொறுங்கள், முதலில் இருந்து சொல்கிறேன். சொன்னால்தான் எனக்கும் இந்தப் படபடப்பு அடங்கும்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியில். பத்திரிகையில் இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு எங்கள் லிஃப்டைத் தெரியும். அது எப்போது மக்கர் பண்ணும் என்பதுகூடத் தெரியும். எங்கள் தளத்தில் மூன்று வீடுகள். ஒன்றில் நான். எனக்குப் பக்கத்தில் சுகந்தி அக்காவும் மகள் அபிநயாவும். அக்காவின் கணவர் டோஹாவில் வேலை. மூன்றாவது வீட்டில் – ஒருவரும் இல்லை.

வெள்ளவத்தைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம். சொந்தக்காரர் லண்டனில், டொராண்டோவில், சிட்னியில். விடுமுறைக்கு வருவார்கள், ஒரு கல்யாணம், இரண்டு கோயில், நாலு சாறிக்கடை என்று ஓடித் திரிந்துவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சக் காலமெல்லாம் அந்த வீட்டின் திறப்புக்கொத்து பக்கத்தில் இருக்கும் ஓர் உறவினரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும்.

எங்கள் மூன்றாவது வீடு சுகந்தி அக்காவின் மச்சாளுடையது. தை மாதம் லண்டனில் இருந்து வந்து, ஐயரைக் கூப்பிட்டு, புதுவீட்டுக்குப் பெரிதாகக் குடிபூரல் செய்தார்கள். நானும் போய் மோதகம் சாப்பிட்டேன். போகும்போது தங்கள் சாமான்களை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, அந்த அறைத் திறப்பைக் கையோடு கொண்டு போனார்கள். வாசல் திறப்பைச் சுகந்தி அக்காவிடம் கொடுத்தார்கள். கூடவே ஒரு கட்டளையும்: “குடிபூந்த வீடு இருண்டு கிடக்கக் கூடாது. வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வையுங்கோ.”

வைத்தார். ஒரு வெள்ளி தவறவிடவில்லை. வேலையால் வந்து, முழுகி, ஈரத் தலையோடு அந்த வீட்டைத் திறந்து, கூட்டி, யன்னல்களைக் கொஞ்சம் திறந்து காற்று விட்டு, பூ வைத்து விளக்கேற்றுவார். சொந்த வீட்டில் விளக்கேற்றவே பஞ்சிப்படும் எனக்கு, அவரைப் பார்க்க வெட்கமாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது வெயிலுக்கு வருவோம்.

இந்த முறை சித்திரை வெயில் எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செருப்போடு போனாலும் உள்ளங்கால் சுட்டது. மழை என்ற சொல்லையே மறந்து போயிருந்தோம். நாளைக்குத் தண்ணீர் வெட்டு, நாளையின்றைக்குத் தண்ணீர் வெட்டு என்று போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது. இந்த வெயில் காய்ச்சலுக்குள் இன்னொரு காய்ச்சல் வந்தது பாருங்கள்... டெங்கு!

முதலில் விழுந்தவர் பாரூக் நானா. எங்களுக்குக் கீழ்த் தளம். காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பி வந்தபோது சேர்ட் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும் போல இருந்தது. 

“மழை காலத்துல வந்தா சரி. இந்த வெயில்ல எங்க இருந்துங்க வருது நுளம்பு?” என்று லிஃப்டில் வைத்துக் கேட்டார்.

நல்ல கேள்விதானே? மழை இல்லை. குட்டை இல்லை. தெருவில் ஒரு சிரட்டையில்கூட ஈரம் இல்லை. பிறகு எங்கிருந்து?

கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பக்கத்துக் காணியில் புதிதாக ஒரு கட்டடம் எழும்புகிறது. கொங்கிரீட் வெடிக்காமல் இருக்க மேல்தட்டில் தண்ணீர் கட்டி வைத்திருப்பார்கள். அது போதாதா? எல்லோருடைய விரலும் அந்தப் பக்கம் நீண்டது. என் விரல்தான் முதலில் நீண்டது என்று சொன்னால் நம்புவீர்கள்தானே! நேரே போய் அங்கே காவலுக்கு நிற்கும் ஆளோடு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்தேன். 

அவர் பொறுமையாக, “அபே பெத்தே வத்துர நே நோனா, பலன்ட என்ட” என்றார். எங்கள் பக்கம் தண்ணீர் இல்லை, வந்து பாருங்கள் என்கிறார். நான் பார்க்கப் போகவில்லை. பொய் சொல்பவர்கள்தானே இப்படி மரியாதையாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு மாநகரசபையில் இருந்து நுளம்புக்குப் புகை அடிக்க வந்தார்கள். தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு ஒழுங்கை முழுக்க வெள்ளையாக்கிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்? புகை உள்ளே வரக்கூடாது என்று யன்னல், கதவு எல்லாவற்றையும் அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். நுளம்புகளும் எங்களோடு சேர்ந்து உள்ளே பத்திரமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அபிநயாவுக்குக் காய்ச்சல்.

அபிநயா ஓ.எல். சோதனை எடுக்கப் போகிற பிள்ளை. வாய் ஓயாது. காலையில் ஸ்கூல் வான் வரும்வரை என் வாசலில் நின்று ஏதாவது கதைத்துக்கொண்டிருப்பாள். என் பத்தியில் பிழை பிடிப்பது அவளுக்கு விருப்பமான விளையாட்டு. அந்தப் பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல், கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்று அழுதபடி கிடந்தாள். உடம்பு அனல். பெனடோல் கொடுத்தால் கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறும். தொடர்மாடியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பப்பாசி இலைச் சாறு அரைத்தே கொண்டு வந்துவிட்டார். இரத்தத்தைச் சோதித்தோம். டெங்குதான். அன்றைக்கே களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வாட்டில் பார்த்த காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நுளம்பு வலை. உள்ளே பிள்ளைகள். நோயாளிக்கு எதற்கு வலை, கடிக்க வேண்டியது கடித்துவிட்டதே என்று நான் மடைத்தனமாகக் கேட்டேன். இவர்களைக் கடிக்கும் நுளம்பு போய் அடுத்தவரைக் கடிக்காமல் இருக்கத்தான் வலை என்றார் தாதி. எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

குடிக்கிறதெல்லாம் அளவு. போகிறதெல்லாம் அளவு. சுகந்தி அக்கா நித்திரை இல்லாமல் கட்டில் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் அளந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் நான் கஞ்சிப் போத்தலோடு போகிறேன், அக்காவின் முகத்தில் சிரிப்பு.

“ராதா, காய்ச்சல் விட்டிட்டுது! உடம்பு குளிர்ந்திட்டுது, தொட்டுப் பாருமன்!”

எனக்கும் உயிர் வந்தது. இரண்டு பேரும் வலைக்கு வெளியில் நின்று கையைப் பிடித்துக்கொண்டோம். அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார். சின்ன வயதுச் சிங்களப் பிள்ளை. அக்கா நல்ல செய்தியை ஓடிப்போய்ச் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. அபிநயாவின் கையைத் தொட்டுப் பார்த்தார், நாடி பிடித்தார், வயிற்றை அமர்த்திப் பார்த்தார். பிறகு தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: 

“காய்ச்சல் போனா முடிஞ்சது இல்லே அம்மா. இப்பதான் பயம். இனித்தான் நல்லா பாக்கணும்.”

காய்ச்சல் விட்டால் சுகம் என்றுதானே பிறந்ததில் இருந்து நம்பி வருகிறோம்? இந்த நோயில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து ஆளைக் கவிழ்க்கும் நேரமாம். கொஞ்ச நேரத்தில் அபிநயாவுக்கு வயிறு நொந்தது, சத்தி எடுத்தாள், கை கால் ஈரமாகக் குளிர்ந்தது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு வேறு பிரிவுக்குக் கொண்டு போனார்கள். எங்களை வெளியில் நிற்கச் சொன்னார்கள். நான் வாழ்க்கையில் பல வாசல்களில் நின்றிருக்கிறேன். அந்த வாசலில் நின்றது போல் எங்கும் நின்றதில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

மத்தியானம் தாண்டி அக்கா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். கைப்பையைக் கிளறி ஒரு திறப்பை எடுத்தார்.

“ராதா, எனக்கொரு உதவி செய்வீரே? மச்சாள் வீட்டில இண்டைக்கு விளக்கு வைக்கோணும். இண்டைக்கெண்டு நிப்பாட்டினால்... எனக்கு மனசுக்குப் பயமாக் கிடக்கு.”

“போறன் அக்கா. நீங்கள் யோசிக்காதேங்கோ.”

“சாமிக்கு முன்னால கண்ணாடிக் கிண்ணம் ஒண்டு இருக்கும். பழைய பூவை எடுத்துப்போட்டுப் புதுப்பூ மிதக்க விடும். தண்ணி குறைஞ்சிருந்தால் கொஞ்சம் விட்டு நிரப்பும். ஊத்திப்போட வேண்டாம்.”

“ஏன் ஊத்தக் கூடாது?”

“குடிபூரலுக்கு வச்ச கும்பத்துத் தீர்த்தம் அதுக்குள்ளதான் விட்டது. கால் படுற இடத்தில ஊத்தக் கூடாது எல்லோ. நிறைஞ்சபடியே இருக்கோணுமாம். நான் வெள்ளிக்கு வெள்ளி விட்டு விட்டு வாறன்.”

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தலையாட்டிவிட்டு ஓட்டோ பிடித்தேன். கோயிலடியில் மல்லிகை வாங்கினேன். அந்த வீட்டைத் திறந்தேன்.

உள்ளே மூடின வீட்டு மணம். சாமி அறையில் வெளிச்சம் குறைவு. குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டேன், திரி போட்டேன், ஏற்றினேன். பக்கத்தில் பெரிய கண்ணாடிக் கிண்ணம். மேலே போன கிழமைப் பூக்கள் கறுத்துப்போய் மிதக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். புதுப் பூ போடக் குனிந்தேன். விளக்கின் வெளிச்சம் கிண்ணத்துக்குள் குறுக்காக விழுந்தது.

தண்ணீர் அசைந்தது.

நான் தொடவில்லை. காற்று இல்லை. ஆனால் அசைகிறது. போன் டோர்ச்சை அடித்தேன். கொழுக்கி மாதிரி வளைந்து வளைந்து, தலைகீழாகத் தொங்கி, கீழே இறங்கி, திரும்ப மேலே வந்து... ஒன்றா இரண்டா! கிண்ணம் முழுக்க நுளம்புக் குடம்பிகள்! பள்ளிக்கூடச் சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருக்கும் போஸ்டரில் பார்த்த அதே உருவம். சில தலை பருத்து, காற்புள்ளி மாதிரிச் சுருண்டு, கூட்டுப்புழுவாகிவிட்டன. நாளைக்கோ மறுநாளோ பறக்கத் தயார்.

அப்போதுதான் கத்தினேன். தீப்பெட்டி கையில் இருந்து விழுந்தது. 

என் கண் தன்பாட்டில் யன்னலுக்குப் போனது. காற்று வரட்டும் என்று அக்கா எப்போதும் கொஞ்சம் திறந்து விடும் யன்னல். அதற்கு நேரே, கை எட்டும் தூரத்தில், அபிநயா இருந்து படிக்கும் அறை யன்னல். மேசையில் அவளுடைய கணிதக் கொப்பி விரித்தபடியே கிடந்தது தெரிந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்யும் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான். கிண்ணத்தை ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு அவனுக்குப் போன் எடுத்தேன். பாரூக் நானாவில் தொடங்கி அபிநயா வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை!

“அக்கா, இஞ்ச நான் மாதா கெபி வாசல் பூச்சாடிக்குள்ளயும் பிடிச்சிருக்கிறன், கோயில் தாமரைத் தொட்டிக்குள்ளயும் பிடிச்சிருக்கிறன். அதுக்குச் சமய வித்தியாசம் இல்லை. சாக்கடை வேண்டாம் அதுக்கு, நல்ல தண்ணிதான் வேணும். மழையும் தேவையில்லை. நாங்கள்தானே ஊத்திக் குடுக்கிறம்!”

“இப்ப நான் என்னடா செய்ய?”

“காய்ஞ்ச மண்ணில ஊத்துங்கோ, செத்துப்போகும். பிறகு கிண்ணத்தின்ர உள்பக்கத்தை நல்லா தேய்ச்சுக் கழுவுங்கோ. முட்டை கரையில ஒட்டிக்கொண்டு இருக்கும். காய்ஞ்சாலும் மாதக்கணக்கில கிடந்து, திரும்பத் தண்ணி பட்டால் பொரிக்கும்.”

“தம்பி... பிள்ளைக்கு இதாலதான் வந்ததோ?”

“அதை ஒருத்தராலயும் சொல்லேலாது அக்கா. பாரூக் நானாவைக் கடிச்சது எங்க பிறந்தது, பிள்ளையைக் கடிச்சது எங்க பிறந்தது எண்டு ஆர் கண்டது? ஆனால் ஒரு கிழமை, ஒண்டரைக் கிழமையில முட்டை நுளம்பாகும். வெள்ளிக்கு வெள்ளி தண்ணியை மாத்தியிருந்தால் ஒண்டும் பிறந்திருக்காது.”

வெள்ளிக்கு வெள்ளி அங்கே ஆள் போயிருக்கிறார். வெள்ளிக்கு வெள்ளி கிண்ணத்தைத் தொட்டிருக்கிறார். மாற்றாமல், நிரப்பிவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது நீங்கள் சிரிக்கலாம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிய பிறகும் எனக்கு ஒரு யோசனை வந்தது: கால் படாத இடம் எது? உள்ளே அத்தனை எமன்கள் நெளிகின்றன, நான் தீர்த்தத்துக்கு இடம் தேடுகிறேன்! கடைசியில், பட்டுப்போன நித்தியகல்யாணி நின்ற பூச்சாடியின் வறண்ட மண்ணில் ஊற்றினேன். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. அவை அடங்கும்வரை நின்று பார்த்தேன். பிறகு கிண்ணத்தைத் தும்பால் உரஞ்சி உரஞ்சிக் கழுவி, சாமிக்கு முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா அதே வாசலில் அதே இடத்தில் நின்றார். 

“விளக்கு வச்சனீரே?”

“ஓம் அக்கா, வச்சனான்.”

“தண்ணி விட்டனீரே?”

“ஓம் அக்கா.”

பொய்தான். அந்த வாசலில், அந்த முகத்தைப் பார்த்து, வேறு என்ன சொல்ல முடியும்? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

அபிநயா தப்பினாள். இதை எழுதும்போது இப்போதும் ஒருமுறை மூச்சை இழுத்து விடுகிறேன். அந்தப் பயங்கரமான நேரம் கடந்து, ஒரு விடியலில் எழும்பி இருந்து, பசிக்கிறது என்றாளாம். டொக்டர்களும் தாதிகளும் அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துத் தூக்கி எடுத்தார்கள். அவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது. வீட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சின்ன டொக்டர் ஒன்று சொல்லிவிட்டார்: இன்னொரு முறை டெங்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை வந்தால் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அக்கா அதைக் கேட்டு அழுதுவிட்டார்.

அடுத்த வெள்ளி. பின்னேரம் என் கதவு தட்டப்பட்டது. சுகந்தி அக்கா, ஈரத் தலை, கையில் அந்தக் கிண்ணம். 

“ராதா, தண்ணி விட்டனான் எண்டு சொன்னீர். கிண்ணம் காய்ஞ்சு கவிண்டு கிடக்கு. தீர்த்தம் எங்க?”

இனி ஒளிக்க வழியில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு எடுத்த போன் வீடியோவையும் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் நினைக்கிறேன். அக்கா அதை ஒரு முறை பார்த்தார். திரும்ப ஒரு முறை பார்த்தார். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

“அவளுக்கு ஓ.எல். நல்லா வரோணும் எண்டு அந்தக் கிண்ணத்துக்கு முன்னால நிண்டுதான் ராதா கும்பிட்டனான். ஒவ்வொரு வெள்ளியும்...”

அதால்தான் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாதாம் அக்கா என்று தம்பி சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஒரு தாய்க்கு அது காணுமா? இரண்டு பேரும் அழுதோம். தேத்தண்ணீர் போட்டு வைத்தேன், அது ஆறிப்போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொடர்மாடிச் சங்கக் கூட்டம். கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தோம். ஒரே பேச்சு: பக்கத்துக் கட்டடத்துக்காரரை விடக்கூடாது. 

பாரூக் நானா எழும்பினார். “நான் செல்றேன் கேளுங்க. நாளைக்கே பொலிசுக்குப் போவோம். எனக்கும் வந்திச்சி, நம்ம புள்ளைக்கும் வந்திச்சி. அந்தத் தண்ணியிலதான்...”

“நானா, கொஞ்சம் இருங்கோ.”

சுகந்தி அக்கா. கூட்டத்தில் வாயே திறக்காதவர். மடியில் வைத்திருந்த துணிப்பையில் இருந்து அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“பக்கத்துச் சைட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. அங்க ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லை. ஆனால் எங்கட கட்டடத்துக்குள்ள நுளம்பு வளந்தது இதுக்குள்ளதான். தண்ணி விட்டு வளத்தது நான்.”

இதை அவர் சொல்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. நிற்காமல் முழுவதையும் சொன்னார்: குடிபூரல், தீர்த்தம், வெள்ளிக்கு வெள்ளி நிரப்பியது, எல்லாம்.

முதலில் எழும்பியவர் பாரூக் நானா. மெதுவாகப் படியைப் பார்த்து நடந்தார். 

“எங்க நானா போறீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“பல்கனியில ஒரு வாளி ஈக்கிது. தண்ணி வெட்டினா தொழுகைக்கு வுளூ செய்ய ஒணும்னு நோன்புக்கு முந்தி நெறப்பி வச்சது...” என்றவர், மிச்சத்தைச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் எங்கே நடந்தது? ஒருவருக்கு ஏ.சி. தண்ணீர் சொட்டும் டப்பா நினைவு வந்தது. ஒருவருக்கு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு. எனக்கு யன்னலோரம் போத்தலில் வளரும் மணிபிளான்ட். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து கீழே வரை எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் மட்டும் மேலே ஏறமுன் பக்கத்துக் கட்டட வாசலுக்குப் போனேன். காவல்காரர் என்னைக் கண்டதும் ஓர் அடி பின்னால் வைத்தார். இந்த முறை கூப்பிடாமலே உள்ளே போய்ப் பார்த்தேன். மேல்தட்டு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவரிடம் “சமாவென்ட” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மச்சாள் வீட்டைத் திறந்தார். அபிநயாவும் கூட வந்தாள். இன்னும் வெளிறிப்போய்த்தான் இருக்கிறாள், ஆனால் வாய் பழையபடி ஆகிவிட்டது. விளக்கை அவள்தான் ஏற்றினாள். கிண்ணம் கவிழ்ந்தபடியே சாமிக்கு முன்னால். அதன் முதுகில் ஒரு மல்லிகைச் சரம். அந்த நேரம் பார்த்து லண்டனில் இருந்து வீடியோ கோல்.

“என்ன சுகந்தி, கிண்ணத்தைக் கவிட்டு வச்சிருக்கிறீங்கள்? சரியில்லையெல்லோ. நிறைஞ்சிருக்கோணும் எண்டு ஐயர் சொன்னவர்!”

அக்கா போனைத் திருப்பி அபிநயாவின் முகத்தைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார், ஒன்றும் குறைக்காமல். மச்சாள் வாயில் கையை வைத்துக்கொண்டு இருப்பது தெரிந்தது. பிறகு மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்:

“அப்ப சுகந்தி... உள்ள பாத்ரூம் பரல்?”

“எந்தப் பரல்?”

“பூட்டின அறைக்குள்ள. தண்ணி வெட்டினால் நாங்கள் வரேக்க தேவைப்படும் எண்டு, போகேக்க பெரிய பரல் ஒண்டு நிரப்பி வச்சனாங்கள். மூடி சரியா இல்லை. பாத்ரூம் யன்னலும் திறந்துதான்...”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பூட்டின அறையின் திறப்பு லண்டனில். பாத்ரூம் யன்னலும் அபிநயாவின் அறைப் பக்கம்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டாம் முறை வந்தால் என்று டொக்டர் சொன்னதும் எங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறது. அபிநயா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, நான் போய் பாரூக் மாமாட்டச் சுத்தியல் வாங்கிக்கொண்டு வரட்டே?”

தீர்த்தத்தைக் கால் படும் இடத்தில் ஊற்றப் பயந்த சுகந்தி அக்கா, மகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனுக்கு நேரே குனிந்தார்.

“மச்சாள், லைனில நில்லுங்கோ. கதவு உடைக்கிற சத்தம் கேக்கும், பயப்பிடாதேங்கோ.”